ஒடுக்கு எடுத்த மாப்பிள்ளை

கல்யாணத்துக்குப் போக மாமனார் கோதண்டத்தின் பழைய காரை முந்தின நாள் இருட்டியபின் வாங்கி வந்திருந்தான் பொன்ராஜ். காலையில் பார்த்தால், பின்கதவில் தாம்பாளம் அகலத்துக்கு ஒடுக்கு விழுந்து கிடந்தது.

"எவனோ ராத்திரி இட்ச்சிட்டுப் போய்ட்டான். மாமா மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"பொலம்பாத. அவரு வர்றதுக்குள்ள ஒடுக்க எட்த்துடலாம்," என்று அவன் மனைவி மலர் கதவில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர் பம்பைக் கதவில் அழுத்தி, காலை ஊன்றி இழுத்தான் பொன்ராஜ். கை கொப்பளித்த பிறகு, 'டொப்'பென்று தகடு எழும்பியது. இருவரும் தெருவிலேயே குதித்தார்கள்.

சாயங்காலம் காலடிப்பேட்டையிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமியார் பவுனம்மாள் நேராகப் பின்கதவைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னா மாப்ளே, ஒடுக்கையே காணோம்?"

பொன்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்டித் தெரியும் அத்தே?"

"போன வாரம் நீதான் எட்த்துனு போய் இட்ச்சிட்டன்னு இவுருதான் சொன்னாரு."

"போன வாரமா? வண்டி என் கைக்கு வந்ததே நேத்துதான் அத்தே!"

பவுனம்மாள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

கோதண்டம் மருமகன் காதருகே குனிந்தார். "ஒடுக்க அப்டியே வுட்டு வெச்சிருக்கக் கூடாதா மாப்ளே?"