ஒரே ஒரு அடி

பவேரிய ஏரிக்கரையில் இளைஞர்களின் கோடை இசை முகாம். நிறைவுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மேடையின் பின்வரிசையில் மோதி ஒலிக்கும் பித்தளைத் தாளத் தட்டுகளோடு நின்ற விப்கேயையே உதடு அசையப் பார்த்துக்கொண்டிருந்தார் ஹார்ட்முட்.

"அந்தப் பொண்ணு ஏங்க சும்மாவே நிக்குது?" பக்கத்து இருக்கைப் பெண்மணி கிசுகிசுத்தாள்.

"என் மகதாங்க. முந்நூத்திப் பன்னெண்டு தாளம் முடிஞ்சதும் ஒரே ஒரு அடி."

"அதுவரைக்கும் எண்ணணுமா? எண்ணிக்கை தப்பிட்டா?"

"கச்சேரியே கெட்டுடும். ஒத்திகையில ரெண்டு தடவை தப்பவிட்டுட்டு அழுதா."

"பாவம். ஆனா அவ உங்களையேல்ல பார்த்துக்கிட்டிருக்கா?"

ஹார்ட்முட் குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எண்ணுறது நான். நான் மூக்குக்கண்ணாடியைக் கழட்டினதும் அவ அடிப்பா."

"அடேயப்பா. இப்ப எத்தனை ஆச்சு?"

ஹார்ட்முட் வாயைத் திறந்தார். எண் எதுவும் வரவில்லை.

மேடையில் விப்கே, தட்டுகளைத் தூக்கிப் பிடித்தபடி, அவருடைய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.