சுவருக்கு அந்தப் பக்கம்

இரண்டு வீடுகளுக்கும் ஒரே நாளில் ஏசி மாட்ட வந்தவன் மொட்டை மாடியில் குழாய்களை மட்டும் வீடு மாற்றி இணைத்துவிட்டுப் போய்விட்டான். ரெஜினா தன் ஏசியைப் போட்டால் அடுத்த வீட்டுச் செல்லத்துரையின் அறை குளிரும். அவர் போட்டால்தான் இவள் அறை குளிரும். சரிசெய்ய வேண்டுமென்றால் நடுச்சுவரை உடைக்க வேண்டும் என்றார்கள். "எதுக்கு உடைக்கணும்? வேணுங்கிறப்ப சுவத்தைத் தட்டும்மா, நான் போடுறேன். எனக்குப் போடுறப்ப மட்டும் இருபத்தாறுல வை. குளிர் ஆகாது" என்றார் செல்லத்துரை. அப்படியே பழகிவிட்டது.

போன மாதம் அவர் இறந்துபோனார். மகன் வந்து மெயினை அணைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனான்.

இன்று மத்தியானம் புழுக்கம் தாங்காமல் புரண்டு படுத்த ரெஜினாவின் கை, பழக்கத்தில் சுவரைத் தட்டிவிட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலிருந்து குளிர் இறங்கத் தொடங்கியது.

பக்கத்தில் படுத்திருந்த கணவன் தூக்கத்திலேயே போர்வையை இழுத்துக்கொண்டு, "யாரு போட்டா?" என்றான்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, ஒரு மாதமாகத் தொடாமல் கிடந்த தன் ரிமோட்டைத் தேடி எடுத்து, இருபத்தாறில் வைத்து அமுக்கினாள்.