கடல் இறங்கிய பென்னி

அண்ணாச்சி காசை விளிம்பில் பிடித்து எடுத்தார்.

எப்போதும் அப்படித்தான். அதன் முகத்தில் விரல் படாது.

நேற்றுத்தான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். காசு பார்க்கிற லென்ஸைப் புதுக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

நானும் மாடி வீட்டு ஜெயராணியும் வாசலில் நின்றோம். அண்ணாச்சி வீட்டுச் சாவி இரண்டு நாளாக எங்களிடம்தான் இருந்தது. அதைக் கொடுத்தாயிற்று. போயிருக்கலாம்.

போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

*

அது வெள்ளைக்காரன் பென்னி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டாம் வருஷத்தது. ஒரு பக்கம் வழுக்கைத் தலை ராஜா. மறுபக்கம் சூலம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா. அவளுக்குப் பின்னால் கடல்.

அந்த வருஷத்துப் பென்னியில் ஒன்றிரண்டில் மட்டும் கடல் ஒரு நூல் கீழே இறங்கியிருக்குமாம். அச்சு வேறாம்.

அந்த ஒரு நூலுக்காக அண்ணாச்சி பத்தொன்பது வருஷம் தேடினார். துறைமுகத்து வேலை முடிந்தால் பழைய செம்பு வாங்கும் கடைகளில்தான் கிடப்பார். தூத்துக்குடியில் கூப்பிடு தூரத்தில் நிஜக் கடல் இருக்கிறது. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒருநாள் போய்ப் பார்த்த மனிதர் இல்லை.

கடைசியில் கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் முன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்.

அன்றைக்குப் பூவக்கா முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள். ஞானப்பூ. அண்ணாச்சியின் சம்சாரம். நாலு மணி நேரமாக மனுஷன் அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று எண்ணெய்க் கையோடு வந்தாள். காசை எடுத்தாள். ராஜாவின் வழுக்கையில் பெருவிரலை அழுத்திக்கொண்டு மறுபக்கம் பார்த்தாள்.

"கடல் எங்க எறங்கியிருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

அவர் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் எனக்குக் கேட்கவில்லை. செம்பு விரலை மறக்காதாம். ரேகை இன்றைக்குத் தெரியாதாம். வருஷம் போகப் போகக் கறுத்து எழும்பி வருமாம். காசு போச்சாம்.

ஒன்பது நாள் பேசவில்லை. திருநாள் அன்றைக்குக்கூடக் கோயிலுக்கு முன்னும் பின்னுமாகத்தான் போனார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் குழம்பில் உப்பு இல்லை என்றார். அதோடு சரியாயிற்று.

*

பூவக்கா போய் மூன்று வருஷம்.

மற்றக் காசுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இது மட்டும் மேஜையில் கிடந்தது. தினமும் நாலு மணிக்கு லென்ஸும் கையுமாக உட்கார்ந்தார்.

பெண்டாட்டி போயும் மனுஷனுக்குக் கடல் பைத்தியம் போகவில்லை என்று மாடிப்படியில் பேசிக்கொண்டோம். பேச்சை ஆரம்பித்தது நான்.

கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்றவர், முந்தாநாள் தானாக வந்து சாவியைக் கொடுத்தார். துணைக்கு ஜெயராணியின் வீட்டுக்காரர் போனார்.

ஆபரேஷன் கண்ணில் தண்ணீர் படக்கூடாது. தூசி படக்கூடாது. தண்ணீருக்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. தூசிக்காக வீட்டைத் துடைத்தோம். நல்லெண்ணம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசை கொஞ்சம்.

ஜெயராணி செம்புக் குடத்தைத் துலக்கி முடித்தாள். புளி மிச்சம் இருந்தது.

"ராசா மொகத்தப் பாருங்கக்கா. கரிச்சட்டி கணக்கா இருக்கு."

"தேச்சிரு. அண்ணாச்சி சந்தோசப்படுவாரு."

புளி, உப்பு, தேங்காய் நார். காசு நகைக்கடையில் இருந்து வந்தது மாதிரி மின்னியது.

*

அரைமணி முன்னால்தான் ஆட்டோ வந்தது. நாங்கள் திறந்துவைத்திருந்த வீட்டுக்குள் அண்ணாச்சி போனதும் ஜெயராணியின் வீட்டுக்காரர் படியில் நின்று ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னார்.

பெரியவரே, இந்த வயதில் அப்படி என்ன படிக்கப்போகிறீர்கள் என்று டாக்டர் விளையாட்டாகக் கேட்டாராம்.

"படிக்க ஒண்ணுமில்ல சார். ஒரு காசுல எம் பொண்டாட்டி பெருவெரலு இருக்கு. வெரல் கோட்டுக்குக் குறுக்க ஒரு வெட்டு ஓடும். சீலா மீன் அறுக்கையில அருவாமணை பட்டது. ஆறு மாசமா அந்த வெட்டு தெரிய மாட்டேங்கு."

ஜெயராணி என்னைப் பார்த்தாள்.

சாவியைக் கொடுக்கிற சாக்கில் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தோம்.

*

லென்ஸ் அசையவில்லை.

காசைச் சன்னலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் சாய்த்தார். இந்தப் பக்கம் சாய்த்தார். ராஜாவின் வழுக்கை பளிச்சென்று இருந்தது.

கடல் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கண்ணு தெரியுதா அண்ணாச்சி?"

"நல்லாத் தெரியுதும்மா."

காசை மேஜையில் வைத்தார். இந்தத் தடவை விளிம்பில் பிடிக்கவில்லை.

பிறகு லென்ஸோடு பீரோவிடம் போனார். கதவுக் கண்ணாடியில், பூவக்கா கை வைத்துத் திறக்கிற உயரத்தில், குனிந்தார். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். மெதுவாக, அங்குலம் அங்குலமாக, மறு ஓரத்துக்கு.

அந்தக் கண்ணாடியைப் பழைய பேப்பர் நனைத்துத் துடைத்தது ஜெயராணி இல்லை.