தொட்டால் ஒட்டாது

"தொடுங்க சார். தொட்டுத்தான் பாருங்களேன்!"

இளங்கோவன் இடது முழங்கையை நீட்டினான். அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செக்ரட்டரி முனிராஜ் ஒரு அடி பின்னால் போனார்.

"அய்யோ, நான் ஒண்ணும் சொல்லல சார். பி பிளாக் லேடீஸ்தான் கம்ப்ளெயின்ட். குழந்தைங்க விளையாடுற இடம். நீங்க தினம் பனியனோட, எண்ணெய் பூசிக்கிட்டு, இந்த பெஞ்சுல... ஏன் மாடோது சார், என்ன பண்றது, நானும் பதில் சொல்லணுமே."

"என் வீட்டுக்குள்ள வெயில் வராது. வெட்பாலை எண்ணெய் பூசினா காலை வெயில்ல உட்காரணும். உட்கார்றேன்."

"பெஞ்செல்லாம் நீலக் கறை ஆகுதுன்னு..."

"ஊதா."

"ஹான்?"

"நீலம் இல்ல, ஊதா. அதுக்குத்தான் துண்டு விரிச்சிருக்கேன்."

காலை நடைக்கு வந்த ஐந்தாறு பேர் நின்றுவிட்டார்கள். ஆபீஸ் மீட்டிங்கில்கூட இளங்கோவனுக்கு இத்தனை பேர் காது கொடுத்ததில்லை. குரல் தானாக உயர்ந்தது.

"இது சோரியாசிஸ். தொட்டா ஒட்டாது. பக்கத்துல உட்கார்ந்தா ஒட்டாது. என்னைப் பார்த்து ஒதுங்குறீங்களே, அதுதான் சார் ஒட்டுவாரொட்டி. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தருக்கு வருது!"

கடைசி வரியை குளியலறைக் கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தான். அது வீண்போகவில்லை. முனிராஜ் நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஒற்றை விரலால் அவன் முழங்கையைத் தொட்டார். விரல் நுனி ஊதாவானது. எங்கே துடைப்பது என்று தெரியாமல் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். யாரோ கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி சௌம்யாவிடம் முழுக்கதையையும் இரண்டு தரம் சொன்னான்.

"சரித்திரத்துல இடம் பிடிச்சாச்சு. பால் வாங்கிட்டு வந்தீங்களா?"

வாங்கவில்லை.

மறுநாள் பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பி பிளாக் அம்மாள் ஒருத்தி குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு முழங்கையிலும் எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தபோது வெயிலை யாரோ மறைத்தார்கள்.

நைட் செக்யூரிட்டி பச்சைமுத்து. டியூட்டி முடித்து, முழுக்கைச் சீருடையோடு நின்றான்.

"சார், நேத்து நீங்க பேசினது கேட் வரைக்கும் கேட்டுச்சு."

"அப்படியா? எது?" இன்னொரு தரம் கேட்க ஆசையாக இருந்தது.

"அந்த ஒட்டுவாரொட்டி சார். வீட்ல போய்ச் சொன்னேன். சம்சாரம் அழுதுடுச்சு."

"இதுக்கு எதுக்குப்பா அழறது?" என்றான், பெருமையாக.

பச்சைமுத்து மணிக்கட்டுப் பொத்தான்களைக் கழற்றி, சட்டைக்கையை மேலே சுருட்டினான். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி இருந்தது கை.

"வருஷக்கணக்கா முழுக்கைதான் சார். தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயம். உங்களப் பார்த்துதான் தைரியம் வந்துச்சு."

சொல்லிவிட்டு, விரித்திருந்த துண்டிலேயே தோளோடு தோள் படும்படி உட்கார்ந்தான்.

"உட்காருங்க, உட்காருங்க," என்றான் இளங்கோவன். சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சின் ஓரத்துக்கு வந்திருந்தான்.

"இதானா சார் அந்த எண்ணெய்?"

பதிலுக்குக் காத்திராமல் பச்சைமுத்து அகன்ற வாய் பாட்டிலுக்குள் இரண்டு விரலை விட்டான். எடுத்தான், தேய்த்தான். செதில் உதிர்ந்தது. அதே விரலை மறுபடி உள்ளே விட்டான்.

ஓசூரில் மாமனார் மரம் தேடி இலை பறித்து, தேங்காயெண்ணெயில் ஊறவைத்து, மொட்டைமாடி வெயிலில் காய்ச்சி எடுத்துக் கொடுத்தது. "சொட்டுச் சொட்டா பூசுங்க, அடுத்தது எப்போ வருமோ," என்று சௌம்யா சொல்லியிருந்தாள்.

"முழுசா வெச்சுக்கோங்க," என்றான் இளங்கோவன்.

"அய்யோ, அப்ப உங்களுக்கு சார்?"

"எனக்கு வீட்ல இருக்கு. நீங்க கொண்டு போங்க."

"சார்..."

"துண்டும் வேணுமே. அதையும் எடுத்துக்கோங்க."

பச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இளங்கோவனின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "இந்த மனசு யாருக்கு சார் வரும்?"

எங்கிருந்தோ முனிராஜ் ஓடி வந்தார். "சார், அப்படியே இருங்க. ஒரு போட்டோ. குரூப்ல போடுறேன். நேத்து நான் பேசினதுக்கு நானே வெட்கப்படுறேன் சார்."

இளங்கோவன் சிரித்தான். போட்டோ நன்றாக வந்திருப்பதாக முனிராஜ் சொன்னார். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று கைதட்டினார்கள்.

லிஃப்ட்டில் அவன் மட்டும்தான். வலது கையை உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு, நாலாம் மாடிக்கான பொத்தானை, எண்ணெய் காயாத இடது முழங்கையால் அழுத்தினான்.