எட்டாவது பெண்

“ஆம்பளைங்க முப்பத்தொன்பது பேரு, பொம்பளைங்க ஏழே பேரு. எட்டாவது பொம்பளையா யாருடா வர்றீங்க?”

கேட்டவர் ஆர்வில். டெக்சாஸின் அந்த மேய்ச்சல் காட்டில் அவருக்கு மாடுகள் ஆறாயிரம், மீசை ஒன்றே ஒன்று. அது வைக்கோல் கொட்டகைக்குள் நுழைந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் அவர் நுழைவார்.

அங்கே ஆடுவது சதுர நடனம்; நாலு சோடி நின்றால் ஒரு சதுரம். இரண்டு சதுரத்துக்கு எட்டுப் பெண்கள் வேண்டும். குறைந்தால் ஒரு மாட்டுக்காரன் கையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பெண்ணாக ஆடுவான். அதை அவிழ்க்கும்வரை அவன் பெண்தான். மற்றவர்கள் அவனையும் குனிந்து வணங்கித்தான் ஆட அழைக்க வேண்டும். கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பெண்கள் பெஞ்சில் அவனுக்கும் இடம் உண்டு.

“வெக்கமா? சரி, குச்சி எடுங்க. குட்டைக் குச்சி எடுத்தவன் பொம்பளை.”

குச்சிகளைப் பிடித்திருந்தது ஆர்விலின் கை. குட்டைக் குச்சி கிளெமிடம் போனது. அது தற்செயல் என்று நம்பியவை வெளியே நின்ற குதிரைகள் மட்டும்தான்.

கூட்டத்திலேயே முகம் கழுவிக்கொண்டு வந்தவன் கிளெம் ஒருவன். புது டீச்சர் அடெலா அவனை இரண்டு முறை பார்த்துவிட்டாள். டீச்சரை இன்றைக்குப் பெண் கேட்பது என்று ஆர்வில் புதுச் சட்டை போட்டிருந்தார். பள்ளிக் கமிட்டித் தலைவர் அவர். எந்த ஆணோடு உட்கார்ந்து பேசினாலும் டீச்சருக்கு வேலை போய்விடும் என்று விதி எழுதியவரும் அவரே.

“கிளெமைப் பொம்பளையாக்கிட்டீங்கன்னா உங்களுக்குப் போட்டியே இல்ல” என்று காலையில் யோசனை சொன்னவள் கொட்டகைக்காரி பர்டி அக்கா. அவள் வீட்டில்தான் டீச்சர் குடியிருந்தாள். கைக்குட்டையையும் பர்டி அக்காவே மடித்துக் கொடுத்தாள். ஆர்வில் தன் கையாலேயே இறுக்கிக் கட்டிவிட்டார்.

“அம்மணி, பாவாடை தடுக்கிடப் போவுது.”

“நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்” என்றான் கிளெம்.

பிடில் கிளம்பியது. “வலக்கை குடு, இடக்கை விடு, எதிர்ச்சோடியச் சுத்தி விடு” என்று கூவினார் ஆட்டம் சொல்பவர். ஆர்வில் டீச்சரோடு ஆடினார். ஆடியபடியே தன் மாடுகளுக்கு வந்த நோய்களை வரிசையாகச் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் டீச்சர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கிளெம்.

“இந்தாங்க அம்மணி, கேக்கு” என்று நீட்டினார் ஆர்வில். கொட்டகையே சிரித்தது.

“டீச்சருக்கும் ஒண்ணு கொண்டாங்க” என்றான் கிளெம்.

வழக்கம் வழக்கம்தான். கேக், காப்பி, மறுபடி கேக் என்று ஆர்வில் ஆறு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் கிளெமைக் கேலி செய்துவிட்டுத்தான் திரும்பினார்.

பொழுது சாயும்போது மீசையை முறுக்கிக்கொண்டு டீச்சர் முன்னால் நின்றார்.

“டீச்சரம்மா, வண்டி தயாரா நிக்குது. போற வழியில ஒண்ணு கேக்கணும்.”

“அது கேட்டாச்சுங்க. நானும் சரின்னு சொல்லிட்டேன்.”

“யார்கிட்ட?”

அவள் பக்கத்தில் இருந்தவனைக் காட்டினாள்.

“ஆம்பளைகூட உக்காந்து பேசினா வேலை போயிரும், தெரியும்ல?”

“இங்க ஏதுங்க ஆம்பளை? கட்டிவிட்டதே நீங்கதானே.”

கிளெம் எழுந்து முடிச்சை அவிழ்த்தான். மடிப்புக்குள் இருந்த மூலை விரிந்தது. அதில் சிவப்பு நூலில் அடெலாவின் பெயரும் கிளெமின் பெயரும், சுற்றிலும் பூக்கொடியும்.

“நல்லா வந்திருக்குல்ல?” என்றாள் பர்டி அக்கா. “டீச்சர் மூணு வாரமா உக்காந்து தச்சா.”

ஆர்வில் கிளெமை முறைத்தார். கிளெமோ வாயைப் பிளந்துகொண்டு கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரோடு அவன் முதல் வார்த்தை பேசியதே இன்று மத்தியானம்தான்.