ஆண்கள் பெட்டி

பெண்கள் பெட்டியை எண்ணி முடித்துவிட்டார்கள்.

நாடு முழுக்க அன்று பொதுவாக்கெடுப்பு, ஒரே கேள்விதான். மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா? பெண்களின் சீட்டுகளில் 'வேண்டும்' ஒரு குவியல், 'வேண்டாம்' ஒரு கைப்பிடி.

அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கல்லுடைக்கும் ஊர் அது. சனிக்கிழமைக் கூலி முழுசாக வீடு வந்து சேருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தானே. ஓட்டுரிமை வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, கிடைத்ததை நன்றாகவே பயன்படுத்தினார்கள்.

இனி ஆண்கள் பெட்டி.

ஹில்டிங் ஆல்ம் பள்ளிக்கூடத்தின் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ஊருக்கு அவர் எம்.பி. அதே ஊரில் கல் உடைத்தவரும்கூட. இளவயதில் மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்து, ஒரு சொட்டும் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மேடையில் பேசக் கற்றதும் அங்கேதான். அந்தப் பேச்சுதான் அவரைத் தொழிற்சங்கத்துக்கும், பிறகு சமூக ஜனநாயகக் கட்சிக்கும், கடைசியில் ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்துக்கும் கொண்டுபோனது. இந்தக் கோடை முழுக்க ஊர் ஊராகப் போய், மதுவிலக்கு வேண்டும் என்று தொண்டை கட்டும்வரை பேசினார்.

காலையில் ஓட்டுப்போடும் மறைப்புக்குள் போய், 'வேண்டாம்' சீட்டைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

சொல்லவே வெட்கம். ஸ்டாக்ஹோமில் இரவுச் சாப்பாட்டில், ஊறவைத்த மீனோடு ஒரு சின்னக் கிளாஸ். முதல் தடவை மரியாதைக்காக. அப்புறம் அது இல்லாமல் மீன் இறங்கவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரு சீட்டில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்துவிட்டார்.

ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக எண்ணுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்தான். மதுவிலக்குச் சங்கத்து ஆட்கள் நாலு பேராவது 'வேண்டும்' போட மாட்டார்களா? அந்த நாலோடு தன்னையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று இருந்தார். மதியம் வாசலில் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. சங்கத்து ஆட்களும் 'வேண்டாம்'தான் போட்டார்களாம். கூச்சமே இல்லாமல் சொல்லிச் சிரித்தார்கள்.

வாத்தியார் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார்.

வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

பாறைக்கு வெடி வைக்கும் மால்ட்டே பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"பயப்படாதீங்க எம்.பி.யாரே, உங்க ஒத்தச் சீட்டு அடியில கெடக்கும். தோண்டி எடுத்துடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹில்டிங்கும் சிரித்தார். முகம் எரிந்தது.

ஒன்று, ஒரே ஒன்று வந்தால் போதும். வராவிட்டால் இத்தனை வருஷத்துப் பேச்சும் பொய் என்று இந்தக் கூடத்திலேயே தெரிந்துபோகும். நாளைக்குப் பத்திரிகையில் வரும். அதற்குப் பிறகு எந்த மேடையில் ஏறுவது?

கதவோரம் அவருடைய தம்பி எவெர்ட் சுவரில் சாய்ந்து நின்றான். காலையிலேயே குடித்துவிட்டு வந்தவன். அவன் ஓட்டை எண்ணவே வேண்டாம், மூச்சே சொல்லிவிடும் என்று அப்போதே கேலி செய்திருந்தார்கள். அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போய் மாதக்கணக்காகிறது. ஹில்டிங் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெயர் சொல்லாமல் அவன் கதையைச் சொல்லித்தான் மேடைதோறும் கைதட்டு வாங்கியிருந்தார்.

வேண்டாம். வேண்டாம்.

பெட்டியில் கொஞ்சம்தான் மிச்சம். வாத்தியார் அடுத்த சீட்டைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

வேண்டும்.

மீதிச் சீட்டுகளும் 'வேண்டாம்'தான். ஆனால் அதை யார் கேட்டார்கள்? மால்ட்டே எழுந்து வந்து கைகொடுத்தான். ஊரே ஒரு பக்கம் நின்றாலும் சொன்ன சொல் மாறாத மனுஷன் என்றான், இந்தத் தடவை கேலி இல்லாமல். பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹில்டிங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எந்த மகராசன் போட்டானோ, நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்தினார். நீட்டிய கையையெல்லாம் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டம் கலைந்தது. எவெர்ட் மட்டும் கதவோரமே நின்றான். அவர் பக்கத்தில் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டான். கை நீட்டவில்லை. யாருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னான்.

"ரெண்டு சீட்டு வரும்னு நெனச்சேன், அண்ணே."