தம்ளரைத் தட்டுகிறவர்

மூன்று வருடமாக இணையத்தில் இலவசமாக எழுதிவந்த மாயநாட்டுத் தொடருக்கு, நாற்பதாம் அத்தியாயத்தில் பூர்ணிமா பூட்டுப் போட்டாள். இருபது ரூபாய் கட்டினால் திறக்கும். 'அடுத்தது எப்போ' என்று தினமும் நச்சரித்தவர்கள் மூச்சு விடவில்லை. ஒரே ஒருவர் கட்டியிருந்தார். பெயர் இல்லை.

"நீங்களா கட்டினது?" என்று கணவன் தயாளனிடம் கேட்டாள்.

"உன் டிராகன் கதையெல்லாம் நான் எங்க படிக்கிறேன்."

அவள் நம்பவில்லை. இரக்கப்பட்டுப் போடும் காசு அவளுக்கு வேண்டாம். அடுத்த அத்தியாயத்தில் ஒரு வழக்கத்தைப் புகுத்தினாள். அந்த நாட்டில் தண்ணீர் குடிக்கும் முன் தம்ளரை நகத்தால் இரண்டு முறை தட்டுவார்கள், உள்ளே உறங்கும் தேவதை விலகிக்கொள்வதற்காக. படித்தவர் கை சும்மா இருக்காது என்று நினைத்தாள். அதையும் அந்த ஒருவரே திறந்தார்.

ஞாயிறு மதியம் தயாளன் சாப்பிட உட்கார்ந்தான். தம்ளரை எடுத்துத் தட்டாமல் மடமடவென்று குடித்தான். அப்படியானால் முகம் தெரியாத யாரோதான் படிக்கிறார்கள். பூர்ணிமா மறுபடி தண்ணீர் ஊற்றினாள். பேசிக்கொண்டே அவன் விரல் தம்ளரை நோக்கி மடங்கியது. அவள் பார்ப்பதைக் கண்டதும் அது அப்படியே மேலே போய்க் காதைச் சொறிந்தது.